நாற்காலியும் சலுகையும்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடைக்குள் போனேன். போனேன் என்பதைவிடக் கூட்டம் என்னை உள்ளே தள்ளிவிட்டது என்பதே சரி. வலது காலில் காலிப்பர், இடது கையில் கட்டை. மூன்று வயதில் போலியோ வந்த கால் அது. லுங்கி, துண்டு விற்கும் பக்கத்தில் நின்ற ஒரு பெண், இருபது வயதிருக்கும், என் காலைப் பார்த்துவிட்டு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு "இருங்கய்யா" என்றது. தெக்கத்திப் பேச்சு. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது அந்தப் பெண்ணுக்காகப் போட்ட ஸ்டூல். "நீ உக்காரலியாம்மா?" என்று கேட்டேன். சிரித்தது. "ஆளு வராதப்ப உக்காந்துக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இங்க எப்பய்யா ஆளு வராம இருக்கு?"

அந்த ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. கடையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கிடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்கிறது அது. கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் அதற்கு முன்பே போராடி இதை வாங்கியிருந்தார்கள். ஒரு மனுஷி உட்காருவதற்கே சட்டம் போட வேண்டியிருக்கிறது. அப்படி வந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். யாருக்காக வந்ததோ அந்தப் பெண் நின்றது. கடை எனக்கென்று எதையும் செய்யவில்லை. வெளியே போர்டில் வாடிக்கையாளர் வசதி என்று எழுதியிருக்கலாம். வசதியைச் செய்தது அந்தப் பெண்ணின் கால்கள்.

வீட்டுக்கு வந்தும் இது மனசை விட்டுப் போகவில்லை. முப்பத்திரண்டு வருஷம் நான் வேலை பார்த்த இடத்திலும் இதேதான் நடந்தது.

அந்த இடம் சென்னையில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் 'அந்த ஒரு இடம்தான் அப்படி' என்று மற்ற இடங்களெல்லாம் தப்பித்துக்கொள்ளும். 1992-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன், 2024-இல் ஓய்வு பெற்றேன். வீடு தியாகராய நகர் கண்ணம்மாபேட்டையில், சுடுகாட்டுக்குப் பக்கத்துச் சந்து. தி.நகர் என்றால் நகைக்கடையும் பட்டுக்கடையும் மட்டுமே தெரிந்தவர்களுக்கு எங்கள் சந்து தெரியாது. அப்பா மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. குப்பை அள்ளும்போது கண்ணாடி கிழித்துப் புண் புரையோடி வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அதன் பிறகும் பதினெட்டு வருஷம் அதே கையால் அதே வேலை செய்தார். அவரை யாரும் ஊனமுற்றவர் என்று சொன்னதில்லை. அவருக்கு வேலையை மாற்றித் தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை, அவருக்கே தோன்றவில்லை. துப்புரவுக்காரன் கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது எங்கள் வீட்டிலும் பொதுப்புத்தியாக இருந்தது.

எனக்குத் தேர்வுப் பிரிவில் போஸ்டிங். இரண்டாவது மாடி. முப்பத்தெட்டுப் படி. லிஃப்ட் கிடையாது.

முதலில் நாற்காலியைச் சொல்கிறேன். என்னுடைய காலிப்பரில் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு உண்டு. உட்காரும்போது பூட்டைத் திறந்து காலை மடக்க வேண்டும், எழும்போது காலை நேராக்கிப் பூட்ட வேண்டும். இரண்டு கையாலும் எதையாவது ஊன்றி அழுத்தினால்தான் எழ முடியும். எனக்குப் போட்டிருந்தது கைப்பிடி இல்லாத இரும்பு நாற்காலி. மேஜையை ஊன்றி எழுந்தால் மேஜை சாயும், மைக்கூடு கவிழும். கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று வேண்டும் என்று 1993-இல் மனுக் கொடுத்தேன். அலுவலக வழக்கப்படி, கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. கைப்பிடியுள்ள நாற்காலி கண்காணிப்பாளர் மற்றும் அதற்கு மேற்பட்ட பதவியினருக்கு மட்டுமே, மனுதாரர் தகுதி பெறவில்லை.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். யார் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நாற்காலி சொல்லும். கைப்பிடி ஒரு படி மேலே, சுழலும் நாற்காலி இன்னொரு படி மேலே, அதன் முதுகில் வெள்ளைத் துண்டு போட்டிருந்தால் உச்சம். நான் கேட்டது எழுந்து நிற்க ஒரு பிடி. அவர்கள் காதில் விழுந்தது அந்தஸ்து. "சேர்ந்து ஒரு வருசம் ஆகல, அதுக்குள்ள கைப்பிடி நாற்காலி கேக்குது இவனுங்களுக்கு" என்று பக்கத்துப் பிரிவில் பேசினார்கள். 'இவனுங்க' என்ற பன்மையைக் கவனியுங்கள். கால் சரியில்லாதவன் அந்த மாடியில் நான் ஒருவன்தான்.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் 2020-இல் ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தைப் பார்த்தபோது என்னுடைய பழைய மனுதான் ஞாபகம் வந்தது. தலித்துக்கு நாற்காலி எப்போதும் வெறும் மரச்சாமானாக இருந்ததில்லை. அம்பேத்கர் 1918-இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். கொலம்பியாவில் படித்த மனிதர். ஆசிரியர்களுக்கான தண்ணீர்ப் பானையில் அவர் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று உடன் வேலை பார்த்த சில பேராசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். அதற்கு முந்தின வருஷம் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்து அடித்து விரட்டாத குறையாக வெளியேற்றப்பட்டார். குடிக்கத் தண்ணீர், தங்க இடம், உட்கார நாற்காலி. வேலை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு அந்த வேலையைச் செய்ய முடியாதபடி இவற்றை எடுத்துவிடுவது பழைய தந்திரம்.

தண்ணீர் விஷயம் எனக்கும் உண்டு. மாடியில் இருந்தது குந்தி உட்காரும் கழிப்பறை. காலிப்பரோடு குந்த முடியாது. எனக்கு ஏற்ற கழிப்பறை அதிகாரிகள் இருந்த கட்டிடத்தில் இருந்தது, போய் வர இருபத்தைந்து நிமிஷம். ஆகவே காலை ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். ஐந்து மணிக்கு வெளியே வந்து டீக்கடையில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். இப்படிப் பதினொரு வருஷம். சிறுநீரகத்தில் கல் வந்தபோது டாக்டர் "தண்ணி குடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பதினொரு வருஷமும் நான் வேலையைக் குறைவாகச் செய்ததாக ஒரு மெமோ கூட வாங்கியதில்லை. அது எப்படி முடிந்தது? விடைத்தாள் கட்டுகள் கீழே ரிக்கார்டு ரூமில் இருக்கும். நாளைக்கு நாலைந்து முறை எடுக்க வேண்டும், வைக்க வேண்டும். நான் இரண்டு முறை படியேறினால் அன்றைக்குத் தீர்ந்தேன். மிச்சத்தை எனக்காகத் தூக்கிக்கொண்டு ஏறியது மாடியைக் கூட்டிப் பெருக்கிய அம்மா. தினக்கூலி. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து விடியற்காலை ரயிலில் வரும். எங்கள் ஜனம்தான். "நீ குந்து சாமி, நா எட்தாறேன்" என்று கட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போகும். அதற்குத் தனிக்கூலி இல்லை. அந்த வேலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நான் பண்டிகைக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன், மனசு ஆறிற்று. ஒன்பதாவது வருஷம் அந்தம்மாவுக்கு இரண்டு முட்டியும் போயிற்று. நின்றுவிட்டது. தினக்கூலிக்கு ஓய்வூதியம் ஏது, மருத்துவ விடுப்பு ஏது. அடுத்த வாரம் வேறொரு அம்மா விளக்குமாறோடு வந்தது.

என் காலுக்கு நிறுவனம் செய்திருக்க வேண்டிய ஏற்பாட்டை அந்தம்மாவின் முட்டி செய்தது. இது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை. சக மனுஷியின் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பால் யாருக்கு லாபம் என்று கேட்காமல் விட்டேன். நிர்வாகம் ஒரு அலமாரியை மாடிக்கு மாற்றியிருக்கலாம். என்னைக் கீழே போட்டிருக்கலாம். இரண்டும் செய்யாமல் அவர்களுக்கு வேலை நடந்தது, ஏனென்றால் கீழே ஒருத்தி தூக்கினாள். செய்ய மறுக்கப்பட்ட ஏற்பாடு காணாமல் போய்விடுவதில்லை. அதை யாரோ ஒருவர் உடம்பால் செய்கிறார். சாதிய சமூகத்தில் அந்த 'யாரோ' பெரும்பாலும் யார் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: ரீசனபிள் அக்காமடேஷன். தமிழில் இதற்கு நிலைத்த சொல் இன்னும் வரவில்லை. நியாயமான ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களோடு சமமாக ஒருவர் தன் உரிமையைப் பயன்படுத்தத் தேவையான மாற்றங்களைச் செய்வது, ஆனால் அது செய்கிறவருக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்று அதே சட்டம் சொல்கிறது. அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் தன் ஊழியருக்கு இதைச் செய்து தர வேண்டும் என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 விழுக்காடு ஒதுக்கீடு இருந்தது, வேலையில் இருக்கும்போது ஊனமானவரை நீக்கக் கூடாது என்ற 47-ஆம் பிரிவு இருந்தது. ஆனால் உள்ளே வந்தவன் எப்படி உட்காருவான், எப்படி ஏறுவான் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது 2016 சட்டம்தான். அதனால் அதை வரவேற்கிறேன்.

ஆனால் 'சுமை' என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. யாருடைய சுமை? முப்பத்தெட்டுப் படியை நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினால் 152. வருஷத்துக்கு 240 வேலைநாள் என்று வைத்தால் 36,480. பதினொரு வருஷத்துக்கு நாலு லட்சத்துச் சொச்சம். இது எந்தத் தராசில் ஏறும்? அந்தம்மா தூக்கிய கட்டுகள்? ஒரு அலமாரியை மாடிக்கு மாற்றுவது நிர்வாகத்துக்குச் சுமையா என்று கணக்குப் போடுகிறவர்கள், மாற்றாமல் விட்டதன் சுமை எங்கே இறங்கியது என்று கணக்குப் போடுவதில்லை. அது செலவுக் கணக்கில் வராத இடத்தில் இறங்குகிறது.

'சலுகை' என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் பார்வையற்ற டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். வாய் துடுக்கு. ஒரு நாள் ஒரு அதிகாரி "உங்களுக்கெல்லாம் எவ்ளோ சலுகை செஞ்சாலும் பத்தல" என்றார். இவர் சிரிக்காமல் சொன்னார்: "சார், என் ரூம்ல லைட்டே போடறதில்ல. உங்க கண்ணுக்காக இந்த பில்டிங்குல மாசம் எவ்ளோ கரண்ட் பில்லு கட்றாங்கன்னு கேட்டுப் பாருங்க." அதிகாரிக்குப் பதில் வரவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. மாடி கட்டிப் படி வைத்தது நடக்கிற காலுக்குச் செய்த ஏற்பாடு. விளக்கு பார்க்கிற கண்ணுக்கு. மேஜையின் உயரம், பஞ்சாயத்து பண்ண காபி நேரம், ராகுகாலம் கழித்துக் கையெழுத்தாகிற ஃபைல், ஆயுத பூஜைக்கு ஒதுங்கும் பணம், எல்லாமே யாரோ சிலருடைய உடம்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்றபடி நிறுவனம் வளைந்து கொடுத்ததுதான். அவர்களுக்கு அது சலுகை என்று பெயரில்லை, அலுவலகம் என்று பெயர். இடஒதுக்கீட்டைச் சலுகை என்று சொல்கிறவர்களுக்கு நாம் நூறு வருஷமாகச் சொல்லி வருவதும் இதைத்தான். பனகல், உஸ்மான், நடேசன், தியாகராயர் என்று வகுப்புரிமைக்காக நின்ற நீதிக்கட்சிக்காரர்கள் பெயரைத்தான் தி.நகர் ரோட்டுக்கும் பூங்காவுக்கும் வைத்திருக்கிறார்கள். அதே தெருக்களில் நடந்து போய்த்தான் நான் பஸ் ஏறினேன்.

2003-இல் என்னைக் கீழே தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். படி இல்லை. கைப்பிடி நாற்காலியும் வந்தது, யாரோ ஓய்வு பெற்றுப் போன அதிகாரியின் பழைய நாற்காலி. சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் தபால் பிரிவில் யாருக்கும் வேலையில் உயர்ச்சி கிடையாது. உறை ஒட்டுவது, முத்திரை குத்துவது. பதினொரு வருஷம் தேர்வு விதிகளைக் கரைத்துக் குடித்தவன் நான். தேர்வுப் பிரிவின் ஒரு மேஜையைக் கீழே போட்டிருந்தால் போதும். மாற்றச் சொன்ன கண்காணிப்பாளர் பார்க்கும்போதெல்லாம் "நான்தான்யா உன்ன கீழ எறக்குனேன்" என்பார், பத்துப் பேர் எதிரில். ஒவ்வொரு தடவையும் நான் கும்பிட வேண்டியிருந்தது. உரிமையாக வர வேண்டியது கருணையாக வரும்போது அதற்கு வட்டி உண்டு. பண்ணையார் வீட்டுக் கடன் மாதிரி அசல் குறையவே குறையாது. நான் இன்னொரு மனு எழுதலாமா என்று யோசித்தபோது அவர் சொன்ன பழமொழி: "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா?" தேன் கொம்பில் இருப்பது இயற்கை. தேர்வுப் பிரிவை இரண்டாவது மாடியில் வைத்தது யார்?

பழமொழியைச் சொன்னதால் நம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் கூட்டங்களில், நம் கவிதைகளில், ஆதிக்கச் சாதியைத் திட்டக் 'குருட்டுச் சமூகம்' என்கிறோம், அரசை 'செவிட்டு அரசு' என்கிறோம், துணிவில்லாத தலைவனை 'முதுகெலும்பில்லாதவன்', 'நொண்டிச் சாக்கு சொல்கிறவன்' என்கிறோம். அம்பேத்கரே 1920-இல் தொடங்கிய பத்திரிகைக்கு 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன் என்று பெயர் வைத்தார். அந்தக் காலத்தில் அது பேச முடியாமல் ஆக்கப்பட்டவர்களைக் குறித்தது, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சாதிப் பெயரை வசையாக்குகிறவனைச் சும்மா விடாத நாம், உடம்பை வசையாக்கும்போது கைதட்டுகிறோம். மேடையில் நான் உட்கார்ந்திருக்கும்போதே தட்டியிருக்கிறார்கள்.

பெயர் வைக்கும் அரசியல் நமக்குப் புதிதில்லை. காந்தி 1932-இல் நம்மை ஹரிஜன் என்றார். தெய்வத்தின் மக்கள். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி எங்களைத் 'திவ்யாங்' என்றார். தெய்வீக உடல். இரண்டிலும் கடவுள் வருகிறார், சாய்தளம் வரவில்லை. கலைஞர் கொண்டுவந்த 'மாற்றுத்திறனாளி' இதைவிட மேலானது. ஊனமுற்றோர் என்று கூப்பிடப்பட்டவர்களுக்கு அது ஒரு மரியாதையைக் கொடுத்தது. ஆனாலும் என் பேச்சில் நொண்டி என்றுதான் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். பறையன் என்று நாமே நிமிர்ந்து சொல்லும்போது எதிரிக்கு வரும் கூச்சம் இதிலும் வருகிறது.

தலித் ஊழியர் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தேன். அங்கே சாய்தளம், கழிப்பறை என்று பேச்செடுத்தபோது ஒரு மூத்த தோழர், "இது நம்ம பிரச்சினை இல்ல தம்பி, ஊனமுற்றோர் சங்கத்துல சொல்லு, ரோஸ்டர்ல கவனம் வை" என்றார். ஊனமுற்றோர் சங்கத்துக்குப் போனால் "இங்க எல்லாரும் ஒண்ணு, சாதிய கொண்டாராதீங்க" என்றார்கள். அங்கே எல்லாரும் ஒன்று என்பது உண்மையானால் அலுவலகச் சாப்பாட்டு மேஜையில் நான் ஏன் தனியாக உட்கார்ந்தேன்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினரில் ஊனமுற்றோர் 2.45 விழுக்காடு. பட்டியலில் இல்லாத பிறரில் 2.18. வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். என் அப்பாவின் இரண்டு விரல் அந்தக் கணக்கில் விழுந்திருக்காது. சாக்கடையில் இறங்கியவர்களின் நுரையீரலும், செங்கல் சுமந்தவர்களின் முதுகும் விழுந்திருக்காது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது என்றார் அம்பேத்கர். உடம்பு தேய்கிற வேலையை யாருக்குப் பிரித்துக் கொடுத்தார்களோ அங்கேதான் ஊனமும் போய்ச் சேர்கிறது.

நீதிமன்றங்கள் மெல்ல இதைப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. 2020-இல் ஆர்யன் ராஜ் வழக்கில், மாற்றுத்திறனாளிகளும் சமூகரீதியாகப் பின்தங்கியவர்களே, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தரும் தளர்வையாவது இவர்களுக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷம் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற, பட்டியல் சாதிப் பெண் ஒருவருக்கு நடந்த கொடுமையைப் பேசும்போது, சாதியும் பெண் என்பதும் ஊனமும் ஒன்றாகச் சேர்ந்து அழுத்துவதைத் தனியாக எடுத்துச் சொன்னது. நாங்கள் இரண்டு சங்கத்தின் வாசலிலும் நின்று சொன்னது இதுதான்.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இருக்கிறது. வழக்கறிஞர் சுரேந்திர மோகன், 70 விழுக்காடு பார்வைக் குறைபாடு உள்ளவர். சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பித்தார். 40 முதல் 50 விழுக்காடு வரை குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று விதி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு சரியே என்றது. பார்க்க முடியாத நீதிபதி எப்படி ஆவணத்தைப் படிப்பார் என்பதுதான் அதன் அடியில் ஓடிய கேள்வி. படித்துக் காட்டும் ஆளோ மென்பொருளோ இருந்தால் என்ன என்ற கேள்வி கேட்கப்படவில்லை. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம், சுரேந்திர மோகன் தீர்ப்பு நியாயமான ஏற்பாடு என்ற கொள்கையைக் கருத்தில் எடுக்கவில்லை, அதை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது என்றது. 2025 மார்ச்சில், பார்வையற்றவர் என்ற காரணத்தால் ஒருவரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்க முடியாது என்றும் தீர்ப்பு வந்துவிட்டது. ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தில் ஒரு மனிதனுக்கு வயதாகிறது.

பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதும்போது ஜி.என். சாய்பாபாவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டெல்லியில் ராம் லால் ஆனந்த் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர், போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2014-இல் கைது. சிறையில் இருக்கும்போதே 2021-இல் கல்லூரி அவரை வேலையிலிருந்து நீக்கியது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. வேலை திரும்பக் கிடைக்காமலே அந்த அக்டோபரில் இறந்துபோனார். அவருடைய அரசியலோடு உடன்படுவது, படாதது வேறு விஷயம். நாக்பூர்ச் சிறையில் அந்த உடம்பு கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது என்பதை மட்டும் நான் நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் வைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை என்னோடு நடந்து வருவார் ஒரு சக ஊழியர். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்வார். நானாகக் கேட்டதில்லை. இரண்டு வருஷம் தினமும். இலக்கியம் பேசுவார், ஜெயகாந்தன் பேசுவார். தலித் சங்கத் தேர்தல் முடிந்து, நிர்வாகிகள் பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. செயலாளர் என்று என் பெயர். மறுநாள் காலை ரோடு ஓரத்தில் அவர் நின்றிருந்தார். மழை இல்லை. கையிலிருந்த குடையை மடக்கி அதன் முனையை என் பக்கம் நீட்டினார். முகத்தில் அதே சிரிப்பு.

நான் பிடித்துக்கொண்டேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஒன்பதே முக்கால், அட்டெண்டன்ஸ் பத்து மணிக்கு. குடையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும் என்று இளைஞர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். கால் நன்றாக உள்ள தலித், தொட மறுக்கிறவனை விட்டு விலகி நடந்து போய்விடலாம். என்னால் நடந்து போக முடியாது. இன்னொருவர் கையை நம்பி வாழ வேண்டிய உடம்பைத் தீண்ட மறுக்கும்போது தீண்டாமைக்கு இன்னொரு பல் முளைக்கிறது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் குடையின் முனையைப் பிடித்துத்தான் ரோட்டைக் கடந்தேன். அங்கே ஒரு சிக்னல் இருந்திருந்தால், நடைபாதை இறக்கம் இருந்திருந்தால், அவருடைய கையும் வேண்டாம் குடையும் வேண்டாம். நான் நியாயமான ஏற்பாடு என்று கேட்பதன் பொருள் எனக்கு இதுதான். என் சாதியைத் தெரிந்துகொண்ட பிறகும் சாய்தளம் தன்னை இழுத்துக்கொள்ளாது. 2023-இல் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை உயர்நடைபாதை திறந்தார்கள். கடைக்கு வரும் கூட்டத்துக்காகக் கட்டியதுதான், தெரியும். இருந்தாலும் முதல்நாள் அதில் யார் கையையும் பிடிக்காமல் போய்வந்தேன். 2024-லிருந்து தாழ்தளப் பேருந்துகளும் ஓடுகின்றன. நான் ஓய்வு பெற்ற வருஷம்!

ஓய்வூதிய வேலையாகப் போன மாதம் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தபால் பிரிவில் என் நாற்காலியில்லை. பார்வையாளர் வந்தால் உட்காரப் பதிவாளர் அறைக்கு வெளியே போட்டிருக்கிறார்களாம். என் இடத்தில் பார்வையற்ற இளம் உதவியாளர் ஒருவர், நம் பிள்ளை. கம்ப்யூட்டரில் என்விடிஏ என்ற மென்பொருள் போட்டிருக்கிறது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும், இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கோப்புகளை ஸ்கேன் பண்ணிப் படமாக அனுப்புகிறார்கள். எழுத்தைப் படிக்கும் மென்பொருள் படத்தைப் படிக்காது. ஆகவே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறது, தன் வேலையை விட்டுவிட்டு. வாசித்த நேரத்துக்கு அந்தப் பெண் மேஸ்திரியிடம் திட்டு வாங்குகிறது.

"அண்ணே, ஒரு மனு எழுதணும், நீங்க நெறய எழுதியிருப்பீங்கல்ல" என்றது. இரண்டு பேரும் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அது தட்டச்சு செய்தது. 'கருணை கூர்ந்து' என்பதை எடுக்கச் சொன்னேன். எடுத்தது. 'தாழ்மையுடன்' என்பதையும் எடுக்கச் சொன்னேன். "அத எடுத்தா திமிருன்னு சொல்வாங்கண்ணே" என்றது. கொஞ்ச நேரம் பேசினோம். எடுத்துவிட்டு 20-ஆம் பிரிவைப் போட்டோம். கோப்புகளைப் படமாக இல்லாமல் யூனிகோடு எழுத்தாக அனுப்ப வேண்டும் என்று எழுதினோம். முடிந்துவிட்டது என்று நான் எழுந்தபோது, "இருங்கண்ணே, இன்னொண்ணு" என்று அதுவே ஒரு வரி சேர்த்தது: அதுவரை எனக்குக் கோப்புகளை வாசித்துக் காட்டும் ஒப்பந்தப் பணியாளருக்கு அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட்டு ஊதியம் வழங்கப்பட வேண்டும்.

இது எனக்கு முப்பத்திரண்டு வருஷத்தில் எழுதத் தோன்றாத வரி. மனு பதிவாளர் மேஜைக்குப் போயிருக்கிறது.